இருபத்து நாலு எழுபது

நாளைக் காலைப் பயிற்சியை
மின்கட்டண ரசீதின் பின்பக்கம் எழுதுகிறேன்.
இருபது தடவை, இருபத்தைந்து மீட்டர்.
ஒவ்வொன்றும் பதினைந்தரை நொடி,
நடுவில் இருபது நொடி மூச்சு.
இரண்டு முறை நேரம் தவறினால் கரையேறு.
தண்டனை இல்லை அது.
களைத்த கையை மேலும் வீசச் சொன்னால்
மெதுவாகப் போகத்தான் பழகும்.

வெள்ளிக்கிழமை மட்டும் வேறு:
எட்டு தடவை, பதினைந்தே மீட்டர், இருக்கிற வேகமெல்லாம்.
பிறகு சுவரைப் பிடித்தபடி
இரண்டு முழு நிமிடம் ஓய்வு.

இதுதான் அபிநிவேதாவின் அப்பாவுக்கு ஆகாது.
முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் உடைப்பவர்.
ராத்திரி வேலை முடிந்து, ஈரக் கைலியோடு,
மஞ்சக்குப்பம் குளத்தின் கம்பிவேலியைப் பிடித்து நிற்பார்.
"ஒம்போது நொடி நீந்துறா மேடம்,
ரெண்டு நிமிஷம் சும்மா நிக்கிறா.
நிக்கிறதுக்கா மாசம் எண்ணூறு?"

நிற்பதற்கும் சேர்த்துத்தான் என்றேன்.
பாதி உறைந்த பாரை வெளியே எடுப்பீர்களா,
உறைய விட்டுத்தானே எடுப்பீர்கள் என்றேன்.
"அது உறையணும்னா
மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கணும் மேடம்"
என்றார்.
என் உவமை அங்கேயே உருகிப்போனது.

சென்னையில் குளம் ஐம்பது மீட்டர்.
திரும்புவதற்குச் சுவர் குறைவு,
உதைத்துக் கிளம்பும் லாபமும் குறைவு.
அதற்கென்று ஒன்றரை நொடி கூட்டித்தான் கணக்குப் போடுவேன்.
நூறு மீட்டருக்கு ஒரு நிமிடம் மூன்றரை வரவேண்டும்.
மூன்று போட்டியிலும்
முக்கால் நொடி கூடுதலாகவே வந்தது.

நோட்டில் எழுதினேன்: பயம்.
அடுத்த முறை: பெரிய குளத்துப் பயம்.
அடியில் கோடு வேறு.
கண்ணை மூடி உட்காரச் சொன்னேன்,
மூச்சை எண்ணச் சொன்னேன்.
திரும்பும் பேருந்தில், மரக்காணம் உப்பளம் தாண்டும்போது
"நான் பயப்படலையே மேடம்" என்றாள்.
"உனக்கே தெரியாதுடி" என்றேன்.

போன வாரம் மூன்றாம் தடத்தின் ஓடு ஒன்று பெயர்ந்தது.
ஒட்ட வந்த கொத்தனார் பக்கிரி
எதற்கோ டேப்பை நீட்டி, அந்தப் பக்கம் பையனைப் பிடிக்கச் சொல்லி,
சத்தமாகப் படித்தார்:
"இருபத்து நாலு எழுபது."
மறுபடி அளக்கச் சொன்னேன்.
மறுபடியும் அதே.
"வெள்ளத்துக்கப்புறம் பழைய ஓட்டைப் பேர்க்காம
அது மேலயே பூசி ஒட்டியிருக்காங்கம்மா.
ரெண்டு பக்கமும் அரையடி."

நாலு நீளத்துக்கு நூற்றிருபது சென்டிமீட்டர்.
அவள் வேகத்துக்கு
முக்கால் நொடி.
பயம் என்று நான் பேர் வைத்தது
நீல நிறத்தில், வழவழவென்று,
தினமும் அவள் காலால் உதைத்த இடத்திலேயே இருந்திருக்கிறது.

ஐந்து வருடத்து நோட்டுகள் அலமாரியில்.
கோகுலவாசன் அரை நொடியில் தகுதி இழந்து
நீச்சலை விட்டவன்,
திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தருகே
சிம் கார்டு விற்கிறான்.
அவன் கடை வழியாகத்தான் தினம் போகிறேன்.
இன்னும் சொல்லவில்லை.

அபிநிவேதாவிடம் சொன்னேன்.
அழுவாள் என்று நினைத்தேன்.
ஈர விரலால் தரையில் எதையோ பெருக்கிப் பார்த்துவிட்டு
"அப்ப இனிமே பதினஞ்சு புள்ளி மூணு வரணும், இல்ல?"
என்றாள்.
பிறகு, கண்ணாடியை மாட்டிக்கொண்டே,
"நான்தான் சொன்னேன்ல."

ரசீதில் பதினைந்தரையை அடித்துத் திருத்துகிறேன்.
இருபது தடவை, பதினைந்து புள்ளி மூன்று.
ஏழாவதில் தவறுவாள். பன்னிரண்டில் மறுபடி தவறுவாள்.
கரையேறி நிற்பாள்.
வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அவள் அப்பா
முப்பது சென்டிமீட்டருக்குக் காசு கழிக்கச் சொல்லிக் கேட்பார்.
கழிக்கத்தான் வேண்டும்.